பக்கத்தைத் திருப்பும் கட்டைவிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் திகில் மங்காக்கள், அதாவது அந்த நாட்டுச் சித்திரக் கதைகள், சினிமாவாவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில். திகில் மங்கா வரைகிற ஜுன்ஜி இட்டோவின் பெயரைத் தமிழ் எழுத்தில், அச்சில் பார்த்த சந்தோஷம். இரண்டாம் தடவை சந்தேகத்தில். மூன்றாம் தடவை கையில் பென்சிலோடு. அந்தப் பென்சில் கோடுகள்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் கை வைக்காதீர்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மங்காவிலிருந்து வந்த படங்கள் என்று கட்டுரையாளர் கொடுத்த பட்டியலில் 'ரிங்' முதலிடத்தில் இருக்கிறது. அது மங்கா இல்லை, கோஜி சுஸுகி 1991-இல் எழுதிய நாவல். ஹிதேயோ நகாதா அதை 1998-இல் படமாக்கினார். மங்காவும் உண்டு, ஆனால் அது நாவலுக்குப் பிள்ளை. 'ஜு-ஆன்' படமும் அப்படித்தான். தகாஷி ஷிமிஸு நேராக வீடியோவுக்காகவே யோசித்து எடுத்தது. நீளமான கறுப்பு முடியை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஊர்ந்து வந்தால் அவள் மங்காவிலிருந்துதான் இறங்கி வந்திருப்பாள் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. சரி, போகட்டும்.

என் சண்டை வேறு இடத்தில். கட்டுரையாளர் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, மங்கா என்பது காமிரா கோணம் முதற்கொண்டு வரைந்து கையில் கொடுத்துவிட்ட ஸ்டோரிபோர்டு (படமெடுக்கும் முன் காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது). அதை அப்படியே எடுத்தாலே படம் தேறிவிடும். இரண்டு, அப்படியும் படங்கள் சொதப்புவதற்குப் பணத் தட்டுப்பாடும் மோசமான கிராஃபிக்ஸும்தான் காரணம். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். சினிமாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுக்கிற உறவு மட்டும்தான். நான் ஒரு டென்டல் லேபில் டெக்னீசியன். 22 வருடமாகப் பல் செட்டும் கிரவுனும் செய்துகொண்டிருக்கிறேன். டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, பார்த்தே இராத ஒருவரின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி முடித்து அனுப்ப வேண்டும். கண்ணுக்கும் கழுத்துக்கும் கேடான வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகன் தடிமனான கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். "சித்தி, இதை வரைஞ்சவரு உங்க வேலைதான் பார்த்தாராம். ராத்திரியில மட்டும் படிக்காதீங்க" என்றான். நான் ராத்திரியில்தான் படித்தேன். பகலில் ஏது நேரம்?

அவன் சொன்னது நிஜம். இட்டோ 1963-இல் கிஃபு மாநிலத்தில் பிறந்தவர். பல் டெக்னீசியனாகப் படித்து, அந்த வேலையில் இருந்துகொண்டே படமும் வரைந்தவர். 1987-இல் 'ஹாலோவீன்' என்ற மாதப் பத்திரிகை, திகில் மங்காவின் பெரியவரான கஸுவோ உமெஸுவின் பெயரில் ஒரு பரிசுப் போட்டி வைத்தது. நடுவர்களில் உமெஸுவும் ஒருவர். அதற்கு இட்டோ அனுப்பிய 'டோமியே' பாராட்டுப் பெற்றது. சில வருடம் கழித்து லேப் வேலையை விட்டுவிட்டார். அவர் போடும் மெல்லிய கோடுகளைப் பார்க்கிறபோது எங்கள் மேஜை ஞாபகம் வருகிறது. கடைவாய்ப் பல்லின் மேல்புறத்துப் பள்ளங்களை மெழுகில் கீறிக் கீறி எடுக்கிற கை அது. ஒரு அரை மில்லிமீட்டர் தவறினால் எங்கோ ஒருவர் வாயை மூட முடியாமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பயத்தில் பழகிய கை. இது என் கற்பனையாகவே இருக்கலாம், தொழில் பாசம்!

அன்று ராத்திரி நான் படித்த புத்தகம் 'உஸுமாகி'. உஸுமாகி என்றால் சுழி. 1998, 99-இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. குரோஸு என்ற சின்ன ஊரையே சுழி பிடித்து ஆட்டுகிறது. பேய் கிடையாது, கொலைகாரன் கிடையாது. ஒரு வடிவம், அவ்வளவுதான். முதல் அத்தியாயத்தில் ஷுயிச்சி என்ற பையனின் அப்பாவுக்குச் சுழிப் பைத்தியம் பிடிக்கிறது. நத்தை ஓட்டைப் பார்த்துக்கொண்டு தெருவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். சுழி போட்ட சாமான்களாக வாங்கி வீட்டை நிரப்புகிறார். கடைசியில் ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமான ஒரு மரத்தொட்டியைச் செய்யச் சொல்லி வரவழைக்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜப்பானியப் புத்தகம் வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் போகும். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அதே வரிசையில்தான் அச்சடிக்கிறார்கள். ஆக, இடப்பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கும் கடைசிப் படக் கட்டம்தான் தூண்டில். அதைப் பார்த்த பிறகு தாளைத் திருப்பினால் கண் முதலில் விழுவது புதிய வலப்பக்கத்தில். மங்காக்காரர்கள் இதை 'மெகுரி' என்பார்கள், திருப்புதல் என்று அர்த்தம். எந்தப் படம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். அது சமையலில் உப்பு மாதிரி, முன்பின் போனால் எல்லாமே போச்சு.

அந்தத் தொட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கும் என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. தாளின் ஓரம் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். திருப்பவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். புத்தகம் அதே பக்கத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நானேதான் திருப்பினேன். பக்கம் முழுக்க ஒரே படம். மனிதர் தம் உடம்பையே சுழியாகச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கிடக்கிறார்.

இதைத்தான் நான் சொல்ல வந்தது. அந்தத் தொட்டியைத் திறந்தது ஷுயிச்சி இல்லை, நான். வேண்டாம் என்றால் மூடி வைத்திருக்கலாம். என் விரல் செய்த காரியம் என்பதால்தான் அது அன்று ராத்திரி முழுக்க என்னோடு படுத்துக் கிடந்தது. சினிமாவில் எனக்கு அந்த உரிமையும் இல்லை, அந்தப் பாவமும் இல்லை. இயக்குநர் எப்போது காட்டுகிறாரோ அப்போது பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளலாம், ஆனால் படம் நிற்காது. ஸ்டோரிபோர்டு ஸ்டோரிபோர்டு என்கிறாரே கட்டுரையாளர், ஸ்டோரிபோர்டில் இல்லாத ஒரே பொருள் படிக்கிறவரின் விரல். மங்காவில் பாதி வேலையை அதுதான் செய்கிறது.

இதைப் புரிந்துகொண்ட ஒரு இயக்குநர் இருந்தார். ஹிகுசின்ஸ்கி என்ற பெயரில் படம் எடுத்தவர். அவருடைய 'உஸுமாகி' 2000-ஆம் வருடம் பிப்ரவரியில் வெளியானது. 'டோமியே' வரிசையில் ஒரு படத்தோடு சேர்த்து, ஒரே டிக்கெட்டில் இரண்டாகத் திரையிட்டார்கள். படத்துக்கு வேலை நடந்தபோது மங்கா இன்னும் முடியவில்லை. அதனால் முடிவு வேறு. அதை இன்றுவரை குறை சொல்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த முடியாத கதைதான் அவரைக் காப்பாற்றியது. பார்த்து எழுத விடை கையில் இல்லாத பையன் சொந்தமாக யோசிப்பான் இல்லையா, அந்த மாதிரி.

அவர் அப்பாவின் சாவை என்ன செய்தார் தெரியுமா? தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார். படத்தில் அப்பா வாஷிங் மெஷினுக்குள் புகுந்து சாகிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. தலையணையைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் எறிந்தேன் என்று அக்கா மகன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். (எறியவில்லை. நழுவியது.) இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் புரிந்தது. தொட்டி அசையாது. அதற்குள் சுருண்டு கிடக்கும் உடம்பும் அசையாது. அசையாத சுழி காகிதத்துக்கு உரியது. பார்க்கிறவர் கண்தான் வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். சினிமாவுக்குச் சொந்தமானது ஓட்டம், சத்தம். எல்லார் வீட்டிலும் மூலையில் நின்று கடகடவென்று சுற்றும் ஒரு பொருள், அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதர். அந்த யோசனை மங்காவில் கிடையாது, அப்படியே எடுத்திருந்தால் வந்திருக்கவும் செய்யாது. படம் முழுக்க ஒரு பாசிப்பச்சை நிறத்தைப் பூசியிருந்ததும் அதே மாதிரி. கறுப்பு வெள்ளையைக் காப்பியடிக்க முடியாது என்று தெரிந்து, தேங்கிய குளத்து நிறத்தைப் பிடித்திருக்கிறார். முழுப் படமும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் சிரிப்பு வருகிற காட்சிகள் இருக்கின்றன, சில நடிகர்கள் வேறு ஏதோ படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வாஷிங் மெஷின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். 2024-இல் அதே 'உஸுமாகி' நான்கு பாகத் தொடராக அனிமேஷனில் வந்தது. ஹிரோஷி நகஹாமா தலைமையில், பல தடவை தள்ளிப்போய், அறிவித்து ஐந்து வருடம் கழித்து. கறுப்பு வெள்ளையில், இட்டோவின் கோடுகளையே அசைய வைக்கிறேன் என்று கிளம்பினார்கள். கட்டுரையாளர் சொல்கிற 'அப்படியே எடு' கட்சியின் உச்சம் அது. முதல் பாகம் பார்த்தபோது என் கட்சி தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு அழகு. கோடு கோடாக மூச்சு விட்டது. இரண்டாம் பாகத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. நடக்கிறவர்கள் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி நடந்தார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் கத்தினார்கள், தயாரிப்புத் தரப்பிலிருந்தே ஒருவர் ஏதோ கோளாறு நடந்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கட்டுரையாளர் இதைத்தான் பணப் பிரச்சினைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு பக்கத்தில் ஆயிரம் கோடு போடலாம், அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். அது அசைய வேண்டுமென்றால் அந்த ஆயிரம் கோட்டையும் ஒவ்வொரு அசைவுக்கும் மறுபடி மறுபடி போட வேண்டும். நின்றால்தான் பயம் தரும் ஒன்றை ஓட வைக்கிறேன் என்று இறங்கினால் எவ்வளவு கொட்டினாலும் வாய் நிரம்பாது. முதல் பாகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவை எதுவுமே அசையாத நொடிகள்தான் என்பதைப் பிறகு கவனித்தேன்.

'டோமியே'வுக்கு வருகிறேன். ஒரு அழகான பள்ளி மாணவி. அவளைப் பார்க்கும் ஆண்கள் பித்துப் பிடித்து, கடைசியில் அவளை வெட்டிக் கொல்கிறார்கள். துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழு டோமியேயாக வளர்ந்து வருகிறது. தன்னோடு படித்த ஒரு பையன் விபத்தில் இறந்துபோக, இத்தனை நாள் இருந்தவன் சட்டென்று இல்லாமல் போனது விசித்திரமாக இருந்தது, மறுபடி சாதாரணமாக வந்து நிற்பான் போலத் தோன்றியது என்று இட்டோ சொல்லியிருக்கிறார். கதையின் விதை அதுதான். பல்லியின் வாலும் சேர்ந்துகொண்டது.

இதை 1999 முதல் 2011 வரை ஒன்பது படமாக எடுத்திருக்கிறார்கள். நடிகைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வெட்ட வெட்ட முளைக்கிறவளுக்கு அது பொருத்தம்தான்! ஆனால் இதில் ஒரு சிக்கல். காகிதத்தில் "பார்த்தவரெல்லாம் பைத்தியமாகிற அழகு" என்று ஒரு முகம், கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் வரைந்தால் போதும், மீதியை நாம் நிரப்பிக்கொள்வோம். திரையில் ஒரு நடிகை வந்து நின்றதும், "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கும். முதல் படத்தை எடுத்த அதாரு ஒய்காவா இதைத் தெரிந்து வைத்திருந்தார். ஆரம்பத்திலேயே ஒரு ஆள் பிளாஸ்டிக் பையில் ஒரு தலையைத் தூக்கிக்கொண்டு போகிறான். பைக்குள்ளிருந்து ஒரு கண் பார்க்கிறது. அதற்கப்புறம் டோமியேயின் முகத்தை நெடுநேரம் காட்டவே மாட்டார். முடி, முதுகு, குரல். காட்டும்போது அது மிஹோ கன்னோ, அவர் கண்ணைப் பார்த்துப் பின்வரிசைக் குரல் அடங்கும். தாளைத் திருப்பாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேனே, அதை இங்கே இயக்குநர் எனக்காகச் செய்கிறார். ஒன்பதில் நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது அதைத்தான். தகாஷி ஷிமிஸு 2001-இல் எடுத்த 'டோமியே: ரீபர்த்' படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவற்றில் டோமியேயைக் காட்டிக் காட்டியே தீர்த்துவிட்டார்கள்.

அப்புறம் கிராஃபிக்ஸ். கட்டுரையாளர் பழைய படங்களின் ரப்பர் பொம்மைகளைக் கேலி செய்திருக்கிறார். உமெஸுவின் பாம்புக் கதைகளை வைத்து 1968-இல் டாய்யே நிறுவனம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தது, ஆங்கிலத்தில் 'பாம்புப் பெண்ணும் வெள்ளிமுடிச் சூனியக்காரியும்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயக்கியவர் 'காமெரா' ராட்சத ஆமைப் படங்களை எடுத்த நொரியாகி யுவாசா. உமெஸுவே டாக்ஸி டிரைவராக ஒரு காட்சியில் தலை காட்டுகிறார். அதில் பொம்மை பொம்மையாகத்தான் தெரிகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு சிறுமியின் கண் வழியாக வரும் கதை. அநாதை இல்லத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அந்த வீட்டில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. பிள்ளையின் கெட்ட கனவில் பொம்மை வந்தால் அது பொம்மை மாதிரித்தானே இருக்கும்?

எங்கள் லேபில் ஷேடு கைடு என்று ஒரு அட்டை உண்டு. மஞ்சள், சாம்பல், பழுப்பு என்று வரிசையாகப் பல் நிறங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெள்ளையிலும் வெள்ளையாக, ஒரு கறை இல்லாமல் ஒரு முன்பல் செய்து காட்டுவார்கள். வாயில் வைத்தால் அது ஒன்றுதான் செத்த பல் மாதிரி தெரியும். ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு, கழுத்தில் கொஞ்சம் மஞ்சள் வைத்தால்தான் உயிர் வரும். இன்றைய திகில் படங்களின் கிராஃபிக்ஸ் எனக்கு அந்தப் புதுப் பையன்கள் செய்த பல்லைத்தான் ஞாபகப்படுத்துகிறது. கூடுதல் பணம் கொடுத்தால் இன்னும் வெள்ளையாகச் செய்வார்கள்.

நிஜம் போலவே செய்துவிட்டால் மட்டும் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஹிதேஷி ஹினோ என்ற மங்காக்காரர் தம் மங்காவை வைத்துத் தாமே 1985-இல் 'கினி பிக்' வரிசையில் ஒரு வீடியோ படம் எடுத்தார். ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுத் துண்டாடுவது, வேறு ஒன்றுமில்லை. சில வருடம் கழித்து ஹாலிவுட் நடிகர் சார்லி ஷீன் அதைப் பார்த்துவிட்டு நிஜக் கொலையைப் படமெடுத்திருக்கிறார்கள் என்று நம்பி எஃப்பிஐக்குத் தகவல் கொடுத்துவிட்டார். விசாரித்து, தந்திரக் காட்சி என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள். ஹினோவின் மங்காவில் முட்டைக் கண்ணும் உருண்டை முகமுமாக மனிதர்கள் இருப்பார்கள். அருவருப்பான கதைதான், ஆனால் மையில் ஒரு சோகமும் ஒரு கேலியும் ஒட்டிக்கொண்டிருக்கும். வரைந்தவரே எடுத்தும் அந்தப் படத்தில் அது வரவில்லை. மை போனதும் மிச்சமிருந்தது போலீஸ் பார்க்க வேண்டிய சாட்சியம். நான் அதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். பயத்தில் இல்லை, வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மாற்றினால் போதும், படம் தேறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. உமெஸுவின் 'மிதக்கும் வகுப்பறை' 1972 முதல் 74 வரை வந்த தொடர். ஒரு ஆரம்பப் பள்ளி அப்படியே பெயர்ந்து, பாலைவனமாகிவிட்ட எதிர்காலத்தில் போய் விழுகிறது. ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் புத்தி பேதலிக்க, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் மிச்சம். வாரா வாரம் அதைப் படித்தவர்களும் அதே வயதுப் பிள்ளைகள். 1987-இல் நொபுஹிகோ ஒபயாஷி அதைக் கோபேயில் இருக்கும் சர்வதேசப் பள்ளியாக மாற்றினார். ஆங்கிலம் பேசும் பிள்ளைகள், பாட்டு, ஏதேதோ. ஒபயாஷி பெரிய கலைஞர்தான். ஆனால் மங்காவில் அந்தப் பிள்ளைகளின் கண்ணில் இருக்கும் பசி படத்தில் இல்லை. எதை மாற்ற வேண்டும் என்பது தெரிய, எது மாறக்கூடாது என்பது முதலில் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

அது தெரிந்து எடுத்தவர்களில் தகாஷி யமசாகியைச் சொல்லலாம். ஹிதோஷி இவாகி வரைந்த 'பாராசைட்' பத்துத் தொகுதி. பட உரிமை பல வருடம் ஹாலிவுட்டில் தூங்கிக் கிடந்து திரும்பி வந்து, 2014, 2015 என்று இரண்டு படமானது. ஒரு பையனின் வலது கையை வேற்று உயிர் ஒன்று பிடித்துக்கொள்கிறது. மங்காவில் அவனுக்கு அப்பா அம்மா இருவரும் உண்டு. யமசாகி அப்பாவை எடுத்துவிட்டார். வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும். அப்புறம் அந்த அம்மாவுக்கு நடப்பது நடக்கும்போது, ஓடிப்போய்ச் சொல்ல அவனுக்கு வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. ஒரே ஒரு பாத்திரத்தைக் குறைத்து நூறு பக்கத்துப் பாரத்தை ஒரு சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஷிகேரு மிஸுகியின் கிதாரோ கதையில் இன்னொரு வழி. மிஸுகி இரண்டாம் உலகப் போரில், ரபாவுல் என்ற பசிபிக் தீவு ஊரில் இடது கையை இழந்தவர், மிச்சமிருந்த ஒற்றைக் கையால் ஜப்பானின் பேய் பூதங்களையெல்லாம் வரைந்து தள்ளியவர். ஒற்றைக் கண் பேய்ப்பிள்ளை கிதாரோவை 1968 முதல் தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை காட்டியாயிற்று. அவருடைய நூற்றாண்டையொட்டி எடுத்து 2023-இல் வந்த அனிமேஷன் படம் கிதாரோ பிறப்பதற்கு முந்திய கதையைச் சொல்கிறது. 1956-ஆம் வருடம், போரிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவன், ஒரு பணக்காரக் குடும்பம் ஆளும் கிராமம். மங்காவில் ரத்த வங்கி ஊழியனாகச் சில பக்கமே வரும் ஒரு ஆளுக்கு, வரைந்தவரின் போர் நினைவைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டத்தைக் காப்பியடிக்காமல் வரைந்தவரின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. பேய்களைவிட அதில் வரும் அதிகாரிகளைப் பார்த்துத்தான் பயந்தேன்.

கட்டுரையாளருக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி. இட்டோவின் 'நீண்ட கனவு' என்று ஒரு சிறுகதை உண்டு. ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு ராத்திரியும் கனவு நீண்டுகொண்டே போகிறது. ஒரு ராத்திரியில் சில நாள், பிறகு பல வருடம், பிறகு நூற்றாண்டுகள். காலையில் எழும்போது அத்தனை காலமும் வாழ்ந்துவிட்ட களைப்பு, உடம்பும் மாறத் தொடங்குகிறது. ஒரு படக் கட்டத்தில் படுக்கப் போகிறான். அடுத்த கட்டத்தில் எழுகிறான். நடுவில் விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத வெள்ளை இடைவெளி. அந்த வெள்ளைக்குள்தான் ஆயிரம் வருடம் இருக்கிறது. இதையும் ஹிகுசின்ஸ்கி 2000-இல் தொலைக்காட்சிக்காக எடுத்தார், முகத்துக்கு ஒப்பனையெல்லாம் பலமாகத்தான் போட்டிருந்தார். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டை எப்படி ஐயா ஸ்டோரிபோர்டு என்று எடுப்பது?

கடைசியாக ஒன்று. 'அமிகாரா பிளவின் மர்மம்' என்ற இட்டோவின் சின்னக் கதை, முப்பது பக்கம் சொச்சம். நிலநடுக்கத்தில் மலை பிளந்து, பாறைச் சுவரில் மனித வடிவத் துளைகள் நூற்றுக்கணக்கில் வெளியே தெரிகின்றன. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் உருவத்துக்கு அச்சாக இருக்கும் துளையை அங்கே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அது தனக்காகவே குடைந்தது என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயம். உடுப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறார்கள். உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது கடைசிப் பக்கத்தில்.

எனக்குத் தினமும் மேஜைக்கு வருவது இந்த மாதிரித் துளைகள்தான். டிரேயில் இளஞ்சிவப்பு ஆல்ஜினேட்டில், அதாவது அச்செடுக்கும் பசையில், பதிந்த வாய்கள். பல் இருந்த இடமெல்லாம் பள்ளம். யாருடையது என்று தெரியாது, ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு எண் மட்டும் இருக்கும். நான் பிளாஸ்டரை ஊற்றி லேசாகத் தட்டித் தட்டிக் குமிழி போக்குவேன். அது மெதுவாக ஒவ்வொரு பள்ளமாக இறங்கி, அந்த ஆளின் பல்லாக மாறும். அந்தக் கதையைப் படித்த மறுநாள் காலை, கையில் அச்சை வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றுவிட்டேன். "கலவை இறுகிடும்மா" என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்ன பிறகுதான் ஊற்றினேன்.

அந்தக் கதையை யாராவது பெரிய பணம் போட்டு, நல்ல கிராஃபிக்ஸில், கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்தாலும் நான் போக மாட்டேன். கட்டுரையாளர் போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும், படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டென்டல் டெக்னீசியன்
(பெயர் வெளியிட வேண்டாம். லேபில் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள்.)